கறையானுக்கு நினைவு நாள் இல்லை

'உலகின் அழகிய பழைய நூலகங்கள்' என்று ஒரு படத்தொகுப்பு முகநூலில் ஓயாமல் சுற்றிக்கொண்டிருக்கிறது. யாராவது ஒருவர் புதிதாகக் கண்டெடுத்ததுபோல் பகிர்கிறார். கீழே வரிசையாக 'சொர்க்கம்' என்றும் 'இங்கேயே குடியேறிவிடலாம்' என்றும் எழுதுகிறார்கள். எனக்கும் அந்தப் படங்கள் பிடிக்கும். ஆஸ்திரியாவின் அட்மாண்ட் மடத்து நூலகத்தை, வெள்ளையும் பொன்னுமாக, விதானம் முழுக்க ஓவியமாகப் பார்த்துவிட்டு மனம் அசையாதவர் யார்? ஆனால் அந்தப் படங்களில் ஆளே இருப்பதில்லை. ஏணியில் நின்று தூசி தட்டுகிறவர், பதிவேட்டில் எண் எழுதுகிறவர், ஒழுகும் கூரைக்கு மதிப்பீடு போட்டு மேலே அனுப்பிவிட்டுக் காத்திருக்கிறவர், ஒருவரும் இல்லை. ஏதோ புத்தகங்கள் தாமாகவே முந்நூறு வருடம் அங்கே உட்கார்ந்திருந்தன என்ற நினைப்பு வந்துவிடுகிறது. அந்த நினைப்போடுதான் எனக்குச் சண்டை.

போர்ச்சுகலின் கோயிம்பிரா பல்கலைக்கழகத்து ஜோவானினா நூலகம் இந்தத் தொகுப்புகளில் தவறாமல் வரும். 1717-இல் தொடங்கி 1728-இல் முடித்தார்கள். பிரேசிலிலிருந்து தங்கம் வந்து குவிந்த காலம் அது. அலமாரிகள் பொன்வண்ணத்தில் மின்னுவதில் வியப்பில்லை. (அடித்தளத்தில் மாணவர்களுக்கான சிறையும் இருந்தது. அதைப் படம் பிடித்துப் போடுகிறவர் குறைவு.) அந்த நூலகத்தைப் பூச்சியிடமிருந்து காப்பவை வௌவால்கள். இருட்டியதும் அலமாரிகளுக்குப் பின்னாலிருந்து கிளம்பி, புத்தகத்தைத் தின்னும் பூச்சிகளை அவை தின்றுவிடுகின்றன. சரி, வௌவால் இருந்தால் எச்சமும் இருக்குமே? அதனால் மாலையில் மேசைகளைப் போர்த்திவிட்டுப் போகிறார்கள். காலையில் வந்து போர்வையை எடுத்து, தரையைத் துடைக்கிறார்கள். வௌவாலைப் பற்றி எழுதாத பயண எழுத்தாளர் இல்லை. துடைக்கிறவரைப் பற்றி ஒரு பத்தி எழுதியவரை நான் இன்னும் பார்க்கவில்லை.

டப்ளின் டிரினிட்டி கல்லூரியின் நீண்ட கூடமும் அப்படித்தான். 1712-க்கும் 1732-க்கும் இடையில் கட்டப்பட்டது. ஏறத்தாழ 65 மீட்டர் நீளம். இன்று எல்லோரும் அண்ணாந்து பார்க்கும் அந்த மர வளைவுக் கூரை முதலில் கிடையாது. தட்டையான சுண்ணாம்புக் கூரைதான் இருந்தது. 1801 முதல் பிரிட்டனிலும் அயர்லாந்திலும் அச்சாகும் நூல்களைக் கேட்டுப் பெறும் சட்ட உரிமை கல்லூரிக்குக் கிடைத்தது. அரை நூற்றாண்டில் அலமாரிகள் நிரம்பி வழிந்தன. மேலே இன்னொரு அடுக்கு வைக்க இடம் வேண்டும் என்று 1860-இல் கூரையைத் தூக்கிக் கட்டினார்கள். ஆக, நாம் மயங்கும் அழகு இடநெருக்கடியில் பிறந்தது. இப்போது அந்தக் கூடத்தைப் பழுதுபார்ப்பதற்காகச் சுமார் 2,00,000 நூல்களை ஒவ்வொன்றாக இறக்கி, தூசி நீக்கி, அடையாளச் சில்லு ஒட்டி வேறிடத்துக்கு மாற்றியிருக்கிறார்கள். வெற்று அலமாரியைப் பார்க்கவும் டிக்கெட் வாங்கிக்கொண்டு கூட்டம் போனது. எனக்கு அது பிடித்திருந்தது. வேலை நடப்பதை ஒளித்து வைக்கவில்லை அவர்கள்.

தஞ்சாவூர் சரசுவதி மகால் நூலகம் இந்தத் தொகுப்புகளில் இடம்பெறுவதில்லை. அண்ணாந்து பார்க்க அங்கே பெரிதாக ஒன்றுமில்லை. அரண்மனை வளாகத்துக்குள் ஒரு நுழைவாயில், கண்ணாடிப் பெட்டிகளில் சில சுவடிகள், ஓவியங்கள், பழைய வரைபடங்கள். பெரிய கோயிலைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் பத்து நிமிடத்தில் சுற்றி முடித்து, 'இவ்வளவுதானா' என்று வெளியே வந்துவிடுகிறார்கள். உள்ளே ஏறத்தாழ 49,000 சுவடிகள் இருக்கின்றன. பெரும்பகுதி சமஸ்கிருதம்; தமிழும் மராத்தியும் தெலுங்கும் உண்டு. நாயக்க மன்னர்கள் தொடங்கி வைத்ததை மராட்டிய மன்னர்கள் வளர்த்தார்கள். அதில் பெரும் பங்கு இரண்டாம் சரபோஜிக்கு. 1798-இல் அரியணை ஏறினார். அடுத்த ஆண்டே ஆட்சியைக் கிழக்கிந்தியக் கும்பினி வாங்கிக்கொண்டது. கையில் மிஞ்சியது கோட்டையும் ஓய்வூதியமும். அந்தப் பணத்தில் அவர் ஐரோப்பாவிலிருந்து அச்சு நூல்களை ஆயிரக்கணக்கில் வரவழைத்தார். பலவற்றில் அவர் கையொப்பம் இருக்கிறது. 1820-களின் தொடக்கத்தில் காசி யாத்திரை போனபோது அங்கிருந்தும் சுவடிகளைச் சேர்த்துக்கொண்டு வந்தார். நாடு போன மன்னர்கள் அந்தக் காலத்தில் வேறு எதிலெதிலோ பணத்தைக் கரைத்தார்கள் என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

சேர்த்தது சரபோஜி. அது இன்றுவரை இருப்பதற்கு அவர் மட்டுமா காரணம்?

ஓலைச் சுவடி ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்களுக்கு அதன் சங்கடம் தெரியும். ஒரு முழ நீளம், இரண்டு விரல் அகலம். மேலும் கீழும் மரச்சட்டம், ஓலையின் துளை வழியே ஒரு கயிறு. எழுத்தாணியால் கீறிய எழுத்து சும்மா பார்த்தால் கண்ணுக்குத் தெரியாது; விளக்குக் கரியும் இலைச்சாறும் கலந்து தடவித் துடைத்தால்தான் கோடுகளில் மை தங்கும். காலம் போகப் போக ஓலை விறைத்து முனை உதிரும். உதிர்ந்த துண்டோடு எழுத்தும் போகும். அதற்கு முன்பே இராமபாணப் பூச்சி உள்ளே புகுந்து, நான்கைந்து ஓலைகளை ஒரே நேர்க்கோட்டில் துளைத்திருக்கும். பதிப்பு நூல்களில் பாட்டுக்கு நடுவே புள்ளி புள்ளியாக விட்டிருக்கிறார்களே, அதில் பல இந்தப் பூச்சியின் கைங்கரியம். எலுமிச்சைப்புல் எண்ணெய் தடவினால் ஓலை கொஞ்சம் நெகிழும், பூச்சியும் அண்டாது. ஆனால் ஒரு முறை தடவிவிட்டுக் கை கழுவ முடியாது. 49,000 சுவடி என்றால், கடைசிக் கட்டுக்கு வந்து சேர்வதற்குள் முதல் கட்டு மறுபடி காத்திருக்கும்.

நம் வெக்கைக்கும் ஈரத்துக்கும் ஓர் ஓலை இருநூறு, முந்நூறு ஆண்டு தாங்கினாலே அதிகம். சங்கப் பாட்டு நம் கைக்கு வந்ததென்றால், ஒவ்வொரு சில தலைமுறைக்கும் யாரோ ஒருவர் உட்கார்ந்து பழைய ஏட்டைப் பார்த்துப் புதிய ஏட்டில் பெயர்த்து எழுதினார் என்று பொருள். அவர்களில் மிகப் பலருடைய பெயர் நமக்குத் தெரியாது. பட்டியல் போட்டவர்களையும் இதில் சேர்க்கிறேன். தஞ்சையில் நீதிபதியாக இருந்த பர்னல், அரண்மனையின் சமஸ்கிருதச் சுவடிகளுக்கு 1880-இல் வகைப்படுத்திய பட்டியல் ஒன்றை வெளியிட்டார். 1918-இல் நூலகம் பொதுமக்களுக்கு வந்தபின் பண்டிதர்கள் தொகுதி தொகுதியாக விளக்க அட்டவணை எழுதினார்கள். எது எங்கே இருக்கிறதென்று தெரியாத 49,000 சுவடியால் யாருக்கு என்ன பயன்?

இந்த வேலையைச் செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு உ.வே.சாமிநாதையர் எழுதிவைத்த ஒரு நிகழ்ச்சி போதும். கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் வரகுண பாண்டியர் காலத்து ஏடுகள் இருந்ததாகக் கேள்விப்பட்டுப் போனார். பழுதுபட்ட ஏடுகளை என்ன செய்வதென்று ஆகமத்தில் சொல்லியிருக்கிறபடி குழி வெட்டி, தீ வளர்த்து, நெய்யில் தோய்த்து ஆகுதி கொடுத்துவிட்டோம் என்றார்கள். பகைவர் யாரும் வரவில்லை. எவருக்கும் கெட்ட எண்ணமும் இல்லை. நல்ல நெய்யே செலவழித்திருக்கிறார்கள்.

யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981 மே 31 இரவு தொடங்கிய வெறியாட்டத்தில் எரிக்கப்பட்டது. சுமார் 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. ஒவ்வோர் ஆண்டும் அந்த நாளில் நாம் எழுதுகிறோம்; எழுதத்தான் வேண்டும். அது ஒரு குற்றம், அதற்கு நினைவு நாள் உண்டு. கறையானுக்கு நினைவு நாள் இல்லை. ஒழுகும் கூரைக்கும், நிரப்பப்படாத பணியிடத்துக்கும் இல்லை. நம் ஊர்களில் மடங்களிலும் புலவர் வீட்டுப் பரண்களிலும் அப்படிப் போனவற்றை யாரும் எண்ணிக்கூட வைக்கவில்லை. குற்றவாளி என்று கைகாட்ட ஆள் இல்லாததால் கோபமும் வருவதில்லை.

சென்னையில் கன்னிமாரா நூலகம். அதன் பழைய கட்டடத்தை நான் எத்தனை தடவை வேண்டுமானாலும் பார்ப்பேன். ஹென்றி இர்வின் வரைந்து, நம்பெருமாள் செட்டியார் கட்டியது. உயர் நீதிமன்றத்தைக் கட்டிய அதே கூட்டணி. 1890-இல் அடிக்கல், 1896 டிசம்பர் 5-இல் திறப்பு. வளைந்த விதானம், வண்ணக் கண்ணாடி வழியே இறங்கும் வெளிச்சம், பூவேலைச் சுதை, தேக்கு அலமாரிகள். இவ்வளவு பகட்டுக்கும் தொடக்கம் என்ன தெரியுமா? இங்கிலாந்தில் கும்பினி அதிகாரிகளுக்குப் பயிற்சி கொடுத்த ஹெய்லிபரி கல்லூரியில் மிகுதியாகிப்போன புத்தகங்களை 1860 வாக்கில் சென்னைக்கு அனுப்பினார்கள். அவற்றை எழும்பூர் அருங்காட்சியகத்தில் வைத்தார்கள். வேண்டாமென்று தள்ளியதை ஒருவர் அடுக்கி, எண் போட்டு, நாலு பேர் படிக்கும்படி செய்ததால்தான் பின்னால் மாளிகை வந்தது.

1954-இல் வந்த சட்டப்படி, நாட்டில் வெளியாகும் ஒவ்வொரு நூலிலும் ஒரு பிரதியைப் பெறும் நூலகங்களுள் கன்னிமாராவும் ஒன்று. டப்ளின் கூரையை உயர்த்திய அதே ஏற்பாடுதான். வருகிற ஒவ்வொன்றையும் பிரித்து, முத்திரை குத்தி, பதிவெண் எழுதி, வகை எண் போட்டு, தட்டில் ஏற்ற வேண்டும். அடுத்த நாள் இன்னொரு மூட்டை வரும். நூலகம் வளர்கிற ஓர் உயிர் என்று 1931-இல் விதியாகவே எழுதினார் சீர்காழியில் பிறந்த நூலக அறிஞர் எஸ்.ஆர்.ரங்கநாதன். நாமோ கட்டடத்தைத் திறந்துவைத்ததோடு அதற்குச் சோறு போடும் பொறுப்பு முடிந்துவிட்டதாக நினைக்கிறோம். பழைய கூடத்தைப் படம் பிடிக்கிறவர்கள், 1970-களில் எழுந்த பக்கத்துக் கட்டடத்தை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. அதற்கு அழகு போதாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் காலையில் வந்து இடம் பிடிப்பது அங்கேதான்.

ரங்கநாதனும் மற்றவர்களும் போராடியதால்தான் 1948-இல் சென்னை மாகாணம் பொது நூலகச் சட்டம் கொண்டுவந்தது. விடுதலை பெற்ற இந்தியாவில் அதுவே முதல். அதன் உயிர்நாடி நூலக வரி. இன்று தமிழ்நாட்டில் சொத்து வரியில் ரூபாய்க்கு 10 காசு வீதம் நூலகத்துக்காக நாம் கட்டுகிறோம். பலருக்கு இது தெரிவதே இல்லை. அந்தப் பணத்தை வசூலித்த உள்ளாட்சிகள் நூலகத் துறைக்குக் கொடுக்காமல் பாக்கி வைத்திருப்பதாக அவ்வப்போது செய்தி வரும். ஒரு நாள் பேசுவோம், மறந்துவிடுவோம். புதிதாக ஒரு மாளிகை கட்டினால் கல்வெட்டில் பெயர் வரும். பழைய கூரைக்கு ஓடு மாற்றினால் யார் பெயரைப் பொறிப்பது?

எங்கள் வார்டு கவுன்சிலர் வேறு வேலையாகத் தெருவுக்கு வந்தபோது, இந்த நூலக வரியில் எவ்வளவு போய்ச் சேர்கிறது என்று கேட்டேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். குப்பை வண்டி விஷயம்தானே, நாளைக்கே ஆள் அனுப்புகிறேன் என்றார்.