செம்பவாங்கில் சங்கு ஊதிய காலம்

சிங்கப்பூர்க் கடற்படைத் தளத்தைப் பற்றி யாரிடம் பேச்சைத் தொடங்கினாலும் சிங்கப்பூர் ஜப்பானிடம் விழுந்த 1942இல் போய் நின்றுவிடுகிறது. பீரங்கிகள் கடலைப் பார்த்து நின்றனவாம், ஜப்பானியர் மலாயா வழியாகச் சைக்கிளில் வந்துவிட்டார்களாம், அவ்வளவுதான் கதை. எனக்கு இதில் நெடுநாள் வருத்தம் உண்டு. என் தாத்தா அந்தத் தளத்தின் கப்பல் பட்டறையில் பெயின்ட் வேலை பார்த்தவர். எங்கள் வீட்டில் யாரும் அதைக் கோட்டை என்று சொன்னதில்லை. "நேவல் பேஸ்" என்பார்கள், இல்லாவிட்டால் "டாக்யார்டு". கோட்டை விழுந்தது உண்மை. பட்டறை அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் ஓடியது. அந்தப் பகுதியைத்தான் நாம் சொல்லாமல் விட்டுவிடுகிறோம்.

முதல் உலகப் போர் முடிந்தபின் பிரிட்டனுக்கு ஒரு கவலை. ஜப்பானோடு இருந்த உடன்படிக்கை தளர்ந்துகொண்டிருந்தது, பெரிய போர்க்கப்பல்களோ ஐரோப்பாவில் நின்றன. கிழக்கே ஆபத்து வந்தால் கப்பற்படையை அனுப்பலாம், சரி. அனுப்பிய கப்பலை எங்கே பழுது பார்ப்பது, எங்கே எண்ணெய் நிரப்புவது? அதற்காகத்தான் சிங்கப்பூரில் தளம் என்று 1921இல் கொள்கையளவில் முடிவு செய்தார்கள். தீவின் வடகரையில், ஜொகூர் நீரிணையை ஒட்டிய செம்பவாங்கைத் தேர்ந்தெடுத்தார்கள். 1924இல் வந்த தொழிற்கட்சி அரசு வேலையை நிறுத்தியது, அடுத்து வந்த அரசு திரும்பத் தொடங்கியது, மறுபடி தொய்வு. பணமும் லண்டனிலிருந்து மட்டும் வரவில்லை. மலாய்க் கூட்டரசு மாநிலங்கள் 20 லட்சம் பவுண்டு கொடுத்தன, நியூசிலாந்து 10 லட்சம், ஹாங்காங் இரண்டரை லட்சம். ரப்பர் விற்ற காசும் அதில் இருந்தது. அந்த ரப்பரில் பால் வெட்டிய கைகளில் பாதி நம்மவர் கைகள் என்பதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

சதுப்பு நிலத்தை மேடாக்கி, ஆற்றைத் திருப்பி, கொசு ஒழித்து வேலை நடந்தது. 1928இல் இங்கிலாந்திலிருந்து ஒரு மாபெரும் மிதவைத் துறையைச் சூயஸ் கால்வாய் வழியாக இழுத்துக்கொண்டு வந்தார்கள். 50,000 டன் கப்பலைத் தூக்கி நிறுத்தும் இரும்புத் தொட்டி அது. அதற்குப் பத்தாண்டு கழித்து, 1938 பிப்ரவரி 14 அன்று, ஆறாம் ஜார்ஜ் மன்னரின் பெயரைத் தாங்கிய டிரை டாக்கைத் திறந்தார்கள். ஏறத்தாழ 1,000 அடி நீளம், அந்நாளில் உலகின் மிகப் பெரியவற்றில் ஒன்று.

டிரை டாக் எப்படி வேலை செய்யும் என்று தாத்தா எனக்குச் சாப்பாட்டுத் தட்டை வைத்துக் காட்டியிருக்கிறார். கரையை வெட்டி உண்டாக்கிய ஆழமான கல்தொட்டி அது. கடல்நீரோடு சேர்த்துக் கப்பலை உள்ளே விடுவார்கள். வாய்ப்பக்கம் மிதவைக் கதவைக் கொண்டுவந்து நிறுத்தி, அதை நீரால் நிரப்பி அமுக்கினால் வழி அடைபட்டுவிடும். பிறகு பம்புகள் மணிக்கணக்கில் நீரை இறைக்கும். நீர் இறங்க இறங்க, அடியில் முன்னமே வரிசையாக அடுக்கி வைத்த கட்டைகள்மேல் கப்பல் மெல்ல உட்காரும். ஒரு கட்டை நகர்ந்திருந்தாலும் கப்பலின் அடித்தண்டுக்கு ஆபத்து. நீர் வற்றியதும் முதலில் இறங்குவது எஞ்சினியர் இல்லை, சுரண்டுகிறவர்கள். அடிப்பாகத்தில் ஒட்டிக் கிடக்கும் சிப்பியையும் பாசியையும் சுரண்டித் தள்ளிய பிறகுதான் தாத்தா போன்றவர்களின் தூரிகைக்கு வேலை. தலைக்கு மேலே ஆயிரக்கணக்கான டன் இரும்பு, காலடியில் சேறு, மூக்கில் பெயின்ட் நெடி. "கப்பலை மேலிருந்து பார்த்தவன் பாதிதான் பார்த்தான்" என்பார்.

1941 டிசம்பர் 2 அன்று 'பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்', 'ரிபல்ஸ்' என்ற இரண்டு பெரிய போர்க்கப்பல்கள் இந்தத் தளத்துக்கு வந்து சேர்ந்தன. எட்டே நாளில், டிசம்பர் 10 அன்று, குவாந்தான் கடற்பகுதியில் ஜப்பானிய விமானங்கள் இரண்டையும் மூழ்கடித்தன. 840 பேர் மடிந்தார்கள். கப்பற்படைக்காகக் கட்டிய தளம், கப்பற்படை இல்லாமலே நின்றது. ஜனவரிக் கடைசியில் பிரிட்டிஷார் தளத்தை விட்டு வெளியேறினார்கள். எண்ணெய்த் தொட்டிகளின் கரும்புகை தீவு முழுவதும் கவிந்தது. பிப்ரவரி 15 அன்று சரண். டிரை டாக் திறந்து நான்கு ஆண்டும் ஒரு நாளும் ஆகியிருந்தன. தளத்தின் ஐரோப்பிய அலுவலர்களைக் கப்பலேற்றி அனுப்பினார்கள். ஆசியத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் இங்கேயே விடப்பட்டார்கள். தோல்வியைப் பற்றி அத்தனை பேர் பேசியிருக்கிறார்கள், இந்தக் கடைசி வரியைப் பற்றிப் பேசியவர் மிகக் குறைவு.

போர் முடிந்து பிரிட்டிஷார் திரும்பி வந்தபின் தளம் முன்னைவிட மும்முரமாக இயங்கியது. கொரியப் போருக்குப் போன கப்பல்கள், பிறகு இந்தோனேசியாவுடனான மோதல் காலத்துக் கப்பல்கள் எல்லாம் இங்கே வந்து போயின. பட்டறைத் தொழிலாளர்களில் கேரளத்திலிருந்து வந்தவர்கள் மிகுதி. தமிழர், தெலுங்கர், சீனர், மலாய்க்காரரும் இருந்தார்கள். நேவல் பேஸ் கேரள நூலகம் என்று மலையாளிகள் ஓர் அமைப்பே நடத்தினார்கள். தளத்தில் வேலை பார்த்த நம்மவர் ஒருவரின் கனவில் மரத்தடியில் முருகன் வந்ததாகச் சொல்லித் தொடங்கிய வழிபாடுதான் இன்று ஈசூனில் இருக்கும் புனித மரம் ஸ்ரீ பாலசுப்பிரமணியர் ஆலயம். பங்குனி உத்திரத்துக்கு அங்கே காவடி எடுக்கும் இளையவர்களில் எத்தனை பேருக்கு அது கப்பல் பட்டறைக்காரர்களின் கோயில் என்று தெரியும்?

காலையில் பட்டறைச் சங்கு ஊதும், மாலையில் சங்கு ஊதும். மாலைச் சங்குக்கு வாசல் திறந்தால் சைக்கிள்கள் ஆறுபோல வெளியே வரும் என்று பாட்டி சொல்வார், அதை வைத்துத்தான் அடுப்பில் உலை வைப்பாராம். 1952 இறுதியில் அந்தச் சங்குக்கு யாரும் அசையவில்லை. ஏறத்தாழ 10,000 பேர் சம்பளத்துக்காக வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்கள் சங்கத்தின் சட்ட ஆலோசகர் அப்போது இளம் வழக்கறிஞராக இருந்த, பின்னாளில் சிங்கப்பூர்ப் பிரதமரான லீ குவான் இயூ.

1968 ஜனவரியில் பிரிட்டன் தன் படைகளை விலக்கிக்கொள்வதாக அறிவித்தது. சிங்கப்பூரின் மொத்த தேசிய உற்பத்தியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு பிரிட்டிஷ் தளங்களை நம்பி இருந்த நேரம். அந்த ஆண்டு டிசம்பரில் பட்டறை 1 டாலர் பெயரளவு விலைக்குச் சிங்கப்பூர் கைக்கு வந்து, செம்பவாங் ஷிப்யார்டு ஆனது. போர்க்கப்பலைத் தொட்ட கைகள் எண்ணெய்க் கப்பலைத் தொடத் தொடங்கின. இந்த நாட்டின் கப்பல் பழுதுபார்க்கும் தொழில் சும்மா முளைக்கவில்லை. டாக்கும் ஆளும் தொழிலும் தயாராக இருந்தன என்பதை நாம் உரக்கச் சொல்ல வேண்டும். குடியுரிமை இல்லாத பலர் பணிக்கொடையை வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினார்கள். தாத்தாவின் அறைத் தோழர் அப்படிப் போனவர். கடிதம் சில காலம் வந்தது, பிறகு நின்றது.

கடற்படை வேலையும் அங்கே அடியோடு நிற்கவில்லை. 1992இல் பிலிப்பீன்ஸின் சூபிக் விரிகுடாவிலிருந்து வெளியேறிய அமெரிக்கக் கடற்படையின் தளவாடப் பிரிவு செம்பவாங் துறைக்கு வந்தது. இன்றும் வெளிநாட்டுப் போர்க்கப்பல்கள் அங்கே வந்து போகின்றன. ஷிப்யார்டு வேலை மட்டும் தீவின் மேற்கே துவாஸ் பக்கம் மாறி வருகிறது. காலியாகும் இடத்தைக் கடலோரக் குடியிருப்பும் பொழுதுபோக்கும் உள்ள வட்டாரமாக்கும் திட்டம் பேசப்படுகிறது.

வீடு வரட்டும், நான் எதிர்க்கவில்லை. அந்த டிரை டாக்கை அலங்காரக் குளமாக மட்டும் ஆக்கிவிடாதீர்கள் என்பதுதான் என் வேண்டுகோள். கேன்பரா, மால்டா, டர்பன், ஜிப்ரால்டர் என்று பேரரசின் ஊர்ப்பெயர்கள் எல்லாம் அங்கே தெருப்பெயர்களாக நிலைத்துவிட்டன. சுரண்டியவர், இறைத்தவர், ஆணியடித்தவர் பெயர் ஒரு பலகையிலாவது வேண்டும், தமிழிலும் மலையாளத்திலும் மலாயிலும் சீனத்திலும். டாக்கின் அடித்தளத்துக்கு மக்கள் இறங்கிப் போக வழி வேண்டும். தாத்தா நின்ற இடத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால்தான் அந்த வேலை என்னவென்று புரியும்.

உங்கள் வீட்டில் டாக்யார்டு வாயில் அட்டை, சம்பளப் புத்தகம், குவார்ட்டர்ஸ் வாசலில் எடுத்த புகைப்படம் எதுவும் இருந்தால் தயவுசெய்து படமெடுத்துக் கீழே பதியுங்கள். யார், எந்தப் பட்டறை, எந்த ஆண்டு என்று இரண்டு வரி சேர்த்து எழுதுங்கள். எங்களிடம் இருப்பது தாத்தாவின் அட்டை ஒன்றுதான். அதில் எண் இருக்கிறது, முகம் அழிந்துவிட்டது.