பறவை தின்ற கணக்கு மட்டும் எப்படிக் கண்ணில் படுகிறது?

நேற்றிலிருந்து சமூக ஊடகத்தில் சுற்றிக்கொண்டிருக்கும் அந்தப் பட அட்டையை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். "கடற்பறவைகள் ஆண்டுக்கு 7 கோடி டன் தின்கின்றன, மீன்பாடு ஏன் குறைந்தது என்று இப்போது புரிகிறதா?" கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள், நடுவே "சுட்டுத் தள்ளுங்க" என்று ஒருவர். நன்றாகப் படித்தவர்கள், நான் மதிக்கிறவர்கள் அதைப் பகிர்ந்திருந்தார்கள். மறுத்து இரண்டு வரி எழுதினேன். "ஏசி ரூமில் உட்கார்ந்து பறவை பார்க்கிறவங்களுக்கு மீனவன் வயிறு எங்கே தெரியும்" என்று பதில் வந்தது. அதற்கும் கைதட்டல். அதனால்தான் இந்த நீளமான பதிவு.

7 கோடி டன் என்பது பொய் இல்லை. பாதிக் கணக்கு. டேவிட் கிரெமியே, டேனியல் பாலி ஆகிய ஆய்வாளர்கள் அடங்கிய குழு 2018இல் வெளியிட்ட ஆய்வில் அது 1970, 80களுக்கான சராசரி. அதே ஆய்வில் 1990 முதல் 2010 வரையான காலத்துக்கு என்ன எண் இருக்கிறது தெரியுமா? 5.7 கோடி டன். பறவைகள் உண்ணும் அதே வகை உயிரினங்களை மனிதர்கள் பிடித்த அளவோ 5.9 கோடியிலிருந்து 6.5 கோடி டன்னாக ஏறியிருக்கிறது. பறவையின் பங்கு இறங்கியது, நம் பங்கு ஏறியது. இந்த இரண்டாவது வரியை வெட்டிவிட்டு முதல் வரியை மட்டும் அட்டையில் போட்டால் அதற்குப் பெயர் தகவலா? அதுவும் அந்த 7 கோடியில் பெரும்பகுதி தென்முனைக் கடல்களில் பென்குயின்களும் பிற கடற்பறவைகளும் தின்னும் கிரில் என்ற இறால் போன்ற சிற்றுயிர், கணவாய், ஆழத்துப் பொடிமீன். நம் ஏலக்கூடத்துக்கு வந்திருக்க வேண்டிய மீன் இல்லை அது.

சரி, பறவை குறைந்தால் மீன் பெருகும் என்கிறீர்கள். தென் அமெரிக்காவின் பெரு நாட்டில் அது நடந்ததா? அங்கே நெத்திலிக்கு உறவான ஆஞ்சோவேட்டா என்ற மீன். 1950களில் அதை நம்பி 2 கோடிக்கு மேற்பட்ட நீர்க்காகங்களும் பிற பறவைகளும் தீவுகளில் இருந்தன. எச்சம் உரமாக விற்றதால் அரசே காவல் போட்டுக் காத்தது. அப்புறம் மீன்தூள் ஆலைகள் வந்தன. கடல்நீரைச் சூடாக்கி மீனை விரட்டும் எல் நினோவும் அடித்தது. 1960களின் பாதியிலேயே பறவைக் கூட்டம் நொறுங்கிவிட்டது. பிடிப்பு மட்டும் ஏறிக்கொண்டே போய் 1970இல் 1.2 கோடி டன்னைத் தாண்டியது. 1972இல் மறுபடி எல் நினோ. 1973இல் 20 லட்சம் டன்கூட இல்லை. பறவைகள் குறைந்துபோன கடலில்தான் மீன் காணாமல் போனது. இதற்கு யாராவது பதில் சொல்லுங்கள், நானும் கேட்டுக்கொள்கிறேன்.

மீனவன் வயிறு பற்றி. என் அப்பா வள்ளத்தில் தொழிலுக்குப் போனவர். தூத்துக்குடிக் கரையில் வளர்ந்தவள் நான். விடிகிற நேரம் அவர் முதலில் பார்ப்பது தண்ணீரை இல்லை, வானத்தை. ஆலா ஒரே இடத்தில் சிறகடித்து நிற்கும், அலகு நேர் கீழே பார்க்கும், சட்டென்று சிறகை மடக்கி விழும். எழும்போது வாயில் ஒரு சாளைக் குஞ்சு மின்னும். ஒன்று விழுந்தால் பேசாமல் இருப்பார். பத்து விழுந்தால் "அங்க தள்ளு" என்பார். அந்தப் பறவை தின்றதால் நம் பங்கு போயிற்று என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. அவரைவிடக் கடல் தெரிந்தவர்களா இந்த அட்டையைச் செய்தவர்கள்?

"உணர்ச்சி வேண்டாம், அறிவியல் பேசு" என்று யாராவது வருவீர்கள். வாருங்கள். இந்தியப் பெருங்கடலில் சாகோஸ் தீவுகள் இருக்கின்றன. எலி நுழைந்த தீவுகளில் பறவைகள் கிட்டத்தட்ட அழிந்துபோயின, எலி நுழையாதவற்றில் கூட்டம் கூட்டமாக இருக்கின்றன. 2018இல் வந்த ஆய்வுப்படி, பறவைகள் உள்ள தீவுகளை ஒட்டிய பவளத்திட்டில் மீன்களின் மொத்த எடை 48 சதவீதம் அதிகம். பறவை தூரத்துக் கடலில் தின்கிறது, எச்சத்தைத் தீவில் போடுகிறது, மழை அதைத் திட்டுக்கு இறக்குகிறது, பாசி வளர்கிறது, மீன் வளர்கிறது. பறவை தின்றது கடலுக்கே திரும்புகிறது. நாம் எடுத்தது திரும்புகிறதா?

மீன்பண்ணையில் நீர்க்காகம் வந்து நஷ்டம் செய்கிறது என்றால் அது உண்மைதான், வலை கட்டலாம். கடலைப் பற்றிய பேச்சில் அதைக் கொண்டுவராதீர்கள்.

"பென்குயினுக்கு அழுகிறவர்கள் மனிதனுக்கு அழமாட்டார்கள்" என்றும் ஒருவர் எழுதியிருந்தார். அது உண்மையிலேயே வலித்தது. தென்னாப்பிரிக்கப் பென்குயின் இறகு உதிர்க்கும் மூன்று வாரமும் கடலில் இறங்க முடியாது. முன்பே மத்தியும் நெத்திலியும் தின்று கொழுத்திருக்க வேண்டும், இல்லையென்றால் கரையிலேயே பட்டினி கிடந்து சாகும். இன்று அங்கே 10,000 ஜோடிகூட இல்லை. 2024இல் அழிவின் விளிம்பில் உள்ள இனமாக அறிவித்தார்கள். 2025 மார்ச்சில் நீதிமன்றம் வரை போய்த்தான் ஆறு இடங்களைச் சுற்றி அந்த மீன்களைப் பிடிக்கத் தடை வாங்க முடிந்தது. இதைச் சொன்னால் நான் மனிதனுக்கு எதிரியா?

மனிதனைப் பற்றியே பேசுவோம். பெருவின் ஆஞ்சோவேட்டா கிட்டத்தட்ட முழுவதும் போவது மனிதத் தட்டுக்கு இல்லை; மீன்தூளாகவும் எண்ணெயாகவும் பண்ணைத் தீவனத்துக்கு. நம் கரையிலும் விசைப்படகு வாரிவரும் பொடிமீன் லாரி லாரியாகத் தீவனத்துக்குப் போகிறது. இன்னும் ஆறு மாதம் விட்டிருந்தால் விலைக்குப் போயிருக்கும் குஞ்சுகள் அதில் கிடக்கின்றன. நாற்றம் தாங்காமல் மூக்கைப் பொத்திக்கொண்டு கடக்கிறோம். எங்கள் தெருவில் கூடையில் சாளை விற்கிற அக்கா, வாங்கிச் சாப்பிடுகிறவர்களுக்கே கட்டுப்படியாகாத விலை ஆகிவிட்டது என்கிறார். அவர் கூடையைக் காலி செய்தது எந்தப் பறவை? அந்த லாரிகளைப் பற்றி ஒரு அட்டை செய்யுங்கள். நானே முதலில் பகிர்கிறேன்.