வலி நின்றால் பயிற்சியை விடலாமா? கூடாது!

"முழங்கால் மூட்டு ஜவ்வு (லிகமென்ட்) ஆபரேஷன் முடிந்து வலி நின்றுவிட்டால் பிசியோ பயிற்சி தேவையில்லை, ஊட்டி மேட்டில் நடந்தாலே கால் தேறிவிடும், சோம்பேறிகள்தான் பயிற்சியைப் பாதியில் விடுவார்கள்" என்று கல்லூரி வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது. தயவுசெய்து நம்பாதீர்கள்.

வலி போவது முதல் கட்டம்தான். உள்ளே வைத்துப் பொருத்திய புது ஜவ்வு எலும்போடு சேர்ந்து வலுப்பெற மாதக்கணக்கில் ஆகும். 2016இல் வெளியான நார்வே ஆய்வில், 9 மாதம் வரை களம் இறங்காமல் பொறுத்த ஒவ்வொரு மாதத்துக்கும் மூட்டில் மறுபடி அடிபடும் வாய்ப்பு ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது.

என் தம்பி குன்னூரில் கபடி ஆடுபவன், சோம்பேறியே இல்லை. இதே ஆபரேஷன் முடிந்த முதல் மாதம் முழங்காலுக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து அழுத்தி அழுத்திச் செய்தான், அப்புறம் செமஸ்டர் வந்தது, ஜனவரி உறைபனி வந்தது, கூட உட்கார ஆளும் இல்லை, கேட்டால் "நேற்று செய்தேனே" என்பான். டேப்பால் தொடையை அளந்தோம், அடிபட்ட கால் 3 சென்டிமீட்டர் சிறுத்திருந்தது! தினமும் மேட்டில் நடந்தவன்தான். நடக்கும்போது பாரத்தை நல்ல கால் வாங்கிக்கொள்கிறது, பலவீனமான கால் அப்படியே கிடக்கிறது.

மைதானத்துக்குப் போகும் முன் இரண்டு காலின் வலுவையும் பிசியோவிடம் ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.