டிவி கமரா வேறு, அடிக்கிறவன் கண் வேறு

தம்பி, “டிவி மாதிரி பிட்சருக்கு (பந்து எறிகிறவனுக்கு) பின்னால் கமரா வைத்தால்தான் பேஸ்போல் வீடியோ கேமில் அடிப்பது நிஜமாக இருக்கும்” என்கிறீர்கள், அது பிழை. அந்தக் கமரா சென்டர் ஃபீல்டுக்கு (மைதானத்தின் நடு வெளிப்பகுதிக்கு) அப்பால், அடிக்கிறவன் நிற்கும் ஹோம் பிளேட்டிலிருந்து நூறு மீற்றருக்கும் மேல் தள்ளி நிற்கிறது; தூரத்தை அருகாக்கும் டெலிஃபோட்டோ லென்ஸ் பிட்சருக்கும் ஹோம் பிளேட்டுக்கும் நடுவிலுள்ள 18.44 மீற்றர் இடைவெளியை நசுக்கிக் காட்டும், பந்தும் நம்மை விட்டு விலகிப் போகும், அடிக்கிறவனுக்கு இடம் எது வலம் எது என்பதே மாறிவிடும். நம்ம திருகோணமலை மக்கெய்சர் மைதானத்தில் கிரிக்கெட் நடக்கும்போது விக்கெட் காப்பாளருக்குப் பின்னால் ஒருக்கால் நின்று பாருங்கள், பந்து கையை விட்டுக் கிளம்பும்போதே பிடிபடும். கேமிலும் கேட்சருக்கு (அடிக்கிறவனுக்குப் பின்னால் பந்து பிடிப்பவனுக்கு) பின்னால், கமராவைத் தாழ்வாக வைப்பது அதற்குத்தான். மணிக்கு 150 கிலோமீற்றர் வேகப் பந்துக்கு அடிக்கிறவனுக்குக் கிடைப்பது ஏறக்குறைய 0.4 விநாடி. கமராவின் பார்வைக் கோணத்தைக் குறுக்கினால் பிட்சர் கையிலுள்ள பந்து பெரிதாகத் தெரியும், ஆனால் அளவு மீறிக் குறுக்கினால் ஸ்ட்ரைக் ஸோன் (பந்து கடந்தால் சரியான எறி என்று கணக்கிடும் பகுதி) திரையையே அடைத்துக்கொள்ளும். ரீப்ளேக்கு என்றால் சரி, உங்கள் கோணம் அழகுதான்.