ஆமாம் சார், பட்டாணிதான் உரிக்கிறேன்

ஞாயிற்றுக்கிழமை நடந்த புறநானூறு கூட்டத்தைப் பற்றி ஏற்கெனவே ஆளுக்கொரு விதமாக எழுதிவிட்டீர்கள். நான் வெளிநடப்பு செய்தேன் என்றுகூட ஒருவர் எழுதியிருக்கிறார். வெளிநடப்பெல்லாம் இல்லை. சின்னவனுக்கு டயப்பர் மாற்ற வேண்டியிருந்தது, போனேன். மாற்றிவிட்டு வந்தால் எல்லோரும் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். சரி என்று ஆட்டோ பிடித்து லோதி காலனிக்கு வந்துவிட்டேன். அவ்வளவுதான்.

பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள நான் லீவில் இருப்பதைப் பற்றி அன்றைக்குப் பேசிய சார் மைக்கில் கேட்டதை முழுக்கத் திரும்ப எழுதப் போவதில்லை, வீடியோதான் சுற்றிக்கொண்டிருக்கிறதே. “லீவு போட்டுட்டு என்னம்மா பண்றே, பட்டாணி உரிக்கிறியா?” என்ற வரைக்கும் எனக்கும் சிரிப்புத்தான் வந்தது. வயதில் மூத்தவர், கேலி செய்யட்டும். ஆனால் மைக்கை விடாமல், “இதுல வாழ்க்கைக்கு என்ன அர்த்தம் இருக்கு, சொல்லு” என்றாரே, அதற்கு நீங்கள் கைதட்டினீர்களே, அதுதான் எனக்கு இன்னும் இறங்கவில்லை. என் பிள்ளைகளின் ஒவ்வொரு போட்டோவுக்கும் ஹார்ட் போடுகிறவர்களும் தட்டினார்கள். பெயர் சொல்லமாட்டேன்.

கேட்டதால் சொல்கிறேன். ஆமாம் சார், பட்டாணிதான் உரிக்கிறேன். அதில் அர்த்தம் இருக்கிறது.

டெல்லிக் குளிர்காலத்தில் பட்டாணி உரிக்காத வீடு உண்டா? சஃபல் காய்கறிக் கடையில் இரண்டு கிலோ வாங்கி, தரையில் பேப்பரை விரித்துக் கொட்டுவேன். தனியாக உரித்தால் சீக்கிரம் முடிகிற வேலை. நாலு வயது மகள் கூட உட்கார்ந்தால் ஒரு காலைப்பொழுது போய்விடும். நுனியை நான் கிள்ளிக் கொடுக்க வேண்டும், அவள் கட்டைவிரலை விட்டுத் திறப்பாள். திறந்ததும் எண்ண வேண்டும். ஐந்து வரைக்கும் தமிழ், அதற்குமேல் ஹிந்தி. ஓரத்தில் வளராமல் ஒட்டிக்கொண்டிருக்கும் குட்டிப் பட்டாணி “தம்பிப் பாப்பா”வாம், அதைக் குருமாவில் போடக் கூடாதாம். நிஜத் தம்பி அந்தப் பக்கம் தோலை மென்றுகொண்டிருப்பான். எதையாவது மூக்கில் போட்டுக்கொள்வானோ என்று ஒரு கண் அவன்மேல்.

அப்படி ஒரு நாள் கேட்டாள்: “அம்மா, மூடியிருக்கும்போது உள்ளே இருட்டா இருக்குமா?”

இத்தனை வருஷம் இந்த ஊரில் பட்டாணி உரித்திருக்கிறேன், எனக்கு அது தோன்றியதே இல்லை. ஜன்னல் பக்கம் பிடித்துப் பார்க்கலாம் என்றால் வெளியே புகைமூட்டம், வெளிச்சமே இல்லை. போனில் டார்ச் போட்டு ஒன்றைத் தூக்கிப் பிடித்தோம். உள்ளே இருட்டில்லை, பச்சை வெளிச்சம். வரிசையாக உருண்டை உருண்டையாய் நிழல். அப்புறம் என்ன, இரண்டு கிலோவையும் ஒவ்வொன்றாக டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுத்தான் உரித்தோம். அன்றைக்குச் சாப்பாடு மூன்று மணிக்கு.

சார் இதைப் படித்தால், “இதுதானா?” என்பார். இதுதான் சார். இதைவிடப் பெரிதாக ஒன்று பின்னால் வரும், அதுவரை இது காத்திருப்பு என்று நான் நினைக்கவில்லை. உங்களுக்கு அர்த்தம் கிடைக்க வருஷா வருஷம் ரிஷிகேஷ் வரை காரை ஓட்ட வேண்டியிருக்கிறது. கங்கையில் கால் நனைத்துக்கொண்டு நீங்கள் போடுகிற படங்களுக்கு நானும் லைக் போட்டிருக்கிறேன். கிடைத்துவிட்டதென்றால் மறுபடி மறுபடி ஏன் போகிறீர்கள் என்று நான் மைக்கில் கேட்டேனா?

இத்தனைக்கும் அன்றைக்கு அவர் பேசிய தலைப்பே புறநானூறு. அதே புறநானூற்றில் 188-ஆம் பாட்டு என்ன சொல்கிறது? எழுதியவர் பாண்டியன் அறிவுடை நம்பி, ஒரு அரசர். பலரோடு உட்கார்ந்து உண்ணும் பெருஞ்செல்வர். அவர் போரையும் யானையையும் விட்டுவிட்டு, குறுகுறுவென்று நடந்து வந்து, சோற்றுக்குள் கையை விட்டு, தொட்டு, கவ்வி, துழாவி, நெய்ச்சோற்றை உடம்பெல்லாம் அப்பிக்கொள்ளும் குழந்தையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அதைத்தான் பாட்டாக்கினார். அதையெல்லாம் துடைத்தது யார் என்று மட்டும் பாட்டில் இல்லை. அரசர் துடைத்திருக்கமாட்டார். (இப்படிக் குழந்தை இல்லாதவர்களின் வாழ்நாளால் பயனில்லை என்று பாட்டு முடியும். அது எனக்கு ஒப்பாது. என் சித்திக்குக் குழந்தை இல்லை. அவர் வாழ்ந்த வாழ்க்கைக்குப் பயனில்லை என்று எந்தப் பாண்டியன் சொன்னாலும் கேட்கமாட்டேன்.)

இனி கமெண்டில் வந்தவர்களுக்கு.

“அரசாங்கச் சம்பளத்தில் பிள்ளை வளர்க்கிறாய்.” ஐயா, சிசிஎல் என்கிற குழந்தை பராமரிப்பு லீவு மத்திய அரசு ஊழியர்களுக்கு உள்ளது, நான் கண்டுபிடித்ததில்லை. மூத்த இரண்டு குழந்தைகளுக்காக, அவர்களுக்கு 18 வயது ஆகும்வரை, மொத்தப் பணிக்காலத்துக்கும் சேர்த்து 730 நாள். முதல் 365 நாள் முழுச் சம்பளம், அடுத்த 365 நாள் 80 சதவீதம். அதுவும் மேலே கையெழுத்துப் போட்டால்தான். 2024 நவம்பரில் காற்று மோசமாகி, காற்று மாசுக் கட்டுப்பாட்டுத் திட்டமான கிராப்பின் நான்காம் நிலையை அறிவித்து, பள்ளிகளை ஆன்லைனுக்கு மாற்றினார்களே, அப்போது மூத்தவள் இழுப்பு வந்து நெபுலைசரோடு கிடந்தாள். எடுத்தால் இந்த லீவை இந்த வயதில்தான் எடுக்க வேண்டும் என்று அப்போது முடிவு செய்தேன். சுற்றுலா போக எடுக்கவில்லை.

“பெண்களைத் திரும்ப அடுப்படிக்குள் தள்ளுகிற பேச்சு இது.” இதை எழுதியது என் தோழி என்பதால் வலிக்கிறது. எல்லாப் பெண்களும் வீட்டில் இருங்கள் என்று நான் எங்கே சொன்னேன்? லீவு முடிந்ததும் நான் ஆபீஸ் போகத்தான் போகிறேன். என் அம்மா பீடித்தட்டை மடியில் வைத்துக்கொண்டே எங்கள் மூன்று பேரையும் வளர்த்தவர். வேலைக்குப் போவதைப் பற்றி எனக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டாம்.

“வசதி இருக்கிறது, பேசுகிறாய்.” இதற்கு என்னிடம் பதில் இல்லை. ஜங்புராவில் தமிழர்கள் குடியிருந்த மதராஸி கேம்ப் குடிசைப் பகுதியை 2025 ஜூன் 1 அன்று இடித்தார்களே, எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்த்த அக்கா அங்கேதான் இருந்தார். இப்போது டெல்லியின் வடகோடியில், நரேலாவில். அங்கிருந்து இங்கே வந்து போவதென்றால் பிள்ளைகளை விழித்திருக்கும்போது பார்க்கவே முடியாது என்று வேலையை விட்டுவிட்டார். அவருக்கு யார் 730 நாள் கொடுப்பது? கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அன்றைக்குக் கைதட்டிய யாரும் அந்த அக்காவை நினைத்துத் தட்டவில்லை என்பதும் எனக்குத் தெரியும்.

“போரடிக்காதா?” அடிக்கும். சில நாள் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு சும்மா நிற்பேன். நீங்கள் பார்க்கும் ஃபைல் போரடிப்பதில்லையா? அதில் அர்த்தம் இருக்கிறதா என்று உங்களை யாரும் கேட்பதில்லை, அவ்வளவுதான்.

எனக்கு இதில் பெரிய எரிச்சல் எது தெரியுமா? அர்த்தம் இல்லை என்று சொல்கிறவர்கள் எல்லாம் அதைச் செய்யாதவர்கள். 2019-இல் அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டார்கள், ஆண்கள் 97 நிமிடம். அதுவும் அந்த வேலையில் கை வைக்கிற ஆண்களின் கணக்கு. கையே வைக்காதவர்கள்தான் அதிகம். என் வீட்டுக்காரருக்கும் மத்திய அரசு வேலைதான். ஆணுக்கு சிசிஎல் வேண்டுமென்றால் மனைவி இல்லாமல் தனியாகப் பிள்ளை வளர்ப்பவராக இருக்க வேண்டும். அவருக்குக் கிடைத்தது குழந்தை பிறந்தபோது 15 நாள். காலில் போட்டுக் குளிப்பாட்ட அப்போதுதான் கை பழகியிருந்தது. லீவு முடிந்துவிட்டது. அவருக்கு அதில் இன்னும் வருத்தம் உண்டு. அவரைப் போய்க் கேளுங்கள், அர்த்தம் இருக்கிறதா இல்லையா என்று.

சார், நீங்கள் மைக்கில் அதைக் கேட்டபோது உங்கள் வீட்டம்மா சமையலறையில் நாற்பது பேருக்கு பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் டயப்பர் மாற்றப் போன அறை பக்கத்தில்தான். உங்கள் குரல் அங்கே நன்றாகவே கேட்டது. உங்கள் மூன்று பிள்ளைகளையும் வளர்த்தவர்கள் அவர்கள். ஒன்றும் சொல்லவில்லை. அடுப்பைத் தணித்துவிட்டு வந்து, சின்னவன் காலைப் பிடித்துக்கொண்டார்கள், நான் மாற்றி முடிக்கிறவரை. “உதைக்கிறான் பாரு, அப்படியே எங்க பெரியவன்” என்றார்கள்.

இந்தப் பதிவை எடுத்துவிடச் சொல்லி இரண்டு பேர் போன் செய்தாயிற்று. எடுக்கமாட்டேன். அடுத்த மாதக் கூட்டத்துக்கும் வருவேன், இரண்டையும் கூட்டிக்கொண்டுதான் வருவேன். பின்வரிசையில் ஒரு பாய் விரித்து வையுங்கள். பஜ்ஜியை இந்தத் தடவை யாராவது கடையில் வாங்கிவாருங்கள், சாரின் வீட்டம்மாவும் வந்து உட்காரட்டும்.