கிராண்ட் கேன்யனில் கீழே குளுமை இல்லை
கிராண்ட் கேன்யன் அமெரிக்காவில் உள்ள ஆழமான பள்ளத்தாக்கு. ஒரு நண்பர், ஜூலையில் அதன் தெற்கு விளிம்பிலிருந்து சவுத் கைபாப் என்ற நடைபாதையில் இறங்கி, அடியில் ஓடும், கொலராடோ ஆற்றைத் தொட்டுவிட்டு அன்று சாயங்காலமே திரும்பிவிடலாம், ஆறு ஓடுவதால் கீழே குளுகுளுவென்று இருக்கும் என்கிறார். நேர்மாறு. இங்கே இறங்க இறங்க வெயில் ஏறும். விளிம்பில் 29 டிகிரி என்றால் அடியில் 40 ஆகிவிடும். பாறைச் சுவர் இருட்டிய பிறகும் அடுப்புக்கல் மாதிரி அனல் விடும்.

மலை ஏறும்போது களைத்தால் பாதியில் இறங்கிவிடலாம். இங்கே களைத்த பிறகுதான் ஏற்றமே ஆரம்பம், அதுவும் 1,300 மீட்டருக்கு மேல். இறங்கிய நேரத்தைப் போல இரண்டு மடங்கு ஆகும். அந்தப் பாதையில் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது, நிழலும் அபூர்வம். ஒரே நாளில் ஆறு வரை போய்த் திரும்ப வேண்டாம் என்று பூங்கா நிர்வாகமே எச்சரிக்கிறது.

சரி, இறங்கியே ஆக வேண்டுமா? விடியும்போதே கிளம்பி அதே பாதையில் வரும் சீடர் ரிட்ஜ் என்ற இடம் வரை (ஒரு வழிக்கு இரண்டரை கிலோமீட்டர்கூட இல்லை) போய், பத்து மணிக்குள் மேலே வந்துவிடுங்கள். வெறும் தண்ணீராகவே குடிக்காமல் உப்புக்கடலையும் கொறியுங்கள். ஆறுதான் வேண்டும் என்றால் அக்டோபரில் போங்கள், கீழே ஒரு ராத்திரி தங்க முன்கூட்டியே அனுமதி வாங்கிக்கொண்டு.