பாத்திரப் பண்பைப் பிள்ளையே கண்டுபிடிக்கட்டும்

தவணைப் பரீட்சை நெருங்கும் நேரம் கொழும்பில் தரம் 7, 8 பிள்ளைகளின் தமிழ்க் கொப்பிகளைப் புரட்டினால், கதையில் வருபவரின் பண்புகள் என்று ஒரே பட்டியல்தான் கண்ணில் படும். அன்பானவர், இரக்கமுள்ளவர், நேர்மையானவர், பொறுமைசாலி. பெயரை மாற்றிவிட்டால் எந்தக் கதைக்கும் பொருந்தும். யாரோ சொல்லச் சொல்ல எழுதிய குறிப்பு அது. அதைப் பாடமாக்கிப் புள்ளியும் வாங்கிவிடுவார்கள். ஆனால் முன்பின் பார்க்காத ஒரு பந்தியைக் கொடுத்து "இவர் எப்படிப்பட்டவர்?" என்று கேட்டுப் பாருங்கள், முழிப்பார்கள். பந்தியை வாசித்து விடை எழுதும் கிரகித்தலில் நேரடி விடைகளை எல்லாம் சரியாக எழுதும் பிள்ளை "ஏன் அப்படிச் செய்திருப்பார்?" என்ற வினாவை மட்டும் விட்டுவிட்டு வருவதும் இதனால்தான்.

பண்பின் பெயரை ஆசிரியர் முதலில் சொல்லவே கூடாது. ஆதாரத்தைப் பிடித்துக்கொண்டு பிள்ளைதான் அங்கே வந்து சேர வேண்டும்.

பாடநூல் கதையோடு தொடங்க வேண்டாம், அதற்குக் குறிப்பு ஏற்கெனவே கைவசம் இருக்கும். ஆசிரியரே ஐந்தாறு வரி எழுதலாம். உதாரணமாக:

"நூறாம் நம்பர் பஸ்ஸில் ஏறிய மூதாட்டி முந்தானை முடிச்சை அவிழ்த்துச் சில்லறையை இரண்டு தரம் எண்ணினார். கொண்டக்டர் கேட்கும் முன்பே கையை நீட்டினார். கொண்டக்டர் எண்ணிப் பார்க்காமலே வாங்கிப் பைக்குள் போட்டார். ‘வெள்ளவத்தை வந்ததும் சொல்றன் அம்மா’ என்றார். முன் சீற்றில் இருந்த பெடியனைப் பார்த்தார். பெடியன் போனில் இருந்து கண்ணை எடுக்காமலே எழும்பினான்."

ஒரு 40 நிமிடப் பாடவேளைக்கு இவ்வளவும் தாராளம். முதலில் ஆசிரியர் உரத்து வாசிக்க வேண்டும். எழுத்துக்கூட்டி வாசிக்கும் பிள்ளை அதிலேயே களைத்துவிடும், பிறகு யோசிக்கத் தெம்பிருக்காது. அடுத்து எல்லோரும் மௌனமாக வாசித்து, செயல், பேச்சு, பார்வை வரும் இடங்களில் பென்சிலால் கோடிட வேண்டும். இரண்டுக்கும் சேர்த்துப் பத்து நிமிடம். பின்னர் கொப்பியில் மூன்று நிரல்: பந்தியில் இருப்பது, எனக்குத் தெரிந்தது, ஆகவே.

பலர் விட்டுவிடுவது நடு நிரலை. ஊகம் பிறப்பதே அங்கேதான். "சில்லறையை இரண்டு தரம் எண்ணினார்" முதல் நிரலில் வரும். "காசு அளவாக இருப்பவர்கள் திரும்பத் திரும்ப எண்ணுவார்கள்" நடுவில். ஆகவே அவரிடம் பணம் அதிகமில்லை, அல்லது எதிலும் கவனமானவர். இரண்டையும் ஏற்கலாம். "கஞ்சத்தனம்" என்று ஒரு பிள்ளை சொன்னால் உடனே பிழை போடாதீர்கள். "கேட்கும் முன்பே ஏன் கையை நீட்டினார்?" என்று மட்டும் கேளுங்கள். பந்திக்குத் திரும்பிப் போய் அந்தப் பிள்ளையே மாற்றிக்கொள்ளும்.

பெடியனைப் பற்றி வகுப்பில் பெரும்பாலும் "நல்ல பிள்ளை, இடம் கொடுத்தான்" என்றுதான் வரும். அப்போது "முன் சீற்றில் இருந்த பெடியனைப் பார்த்தார்" என்ற சொற்களை மறைத்துவிட்டு ஒருமுறை வாசியுங்கள். இப்போது அவன் தானாக எழும்புகிறான். சொற்களைத் திரும்பச் சேர்த்தால், பார்த்த பிறகுதான் எழும்புகிறான். இரண்டு பெடியன்களும் ஒன்றா? எடுத்துப் பார், சேர்த்துப் பார் என்ற இந்தச் சோதனைக்கு நிகரான பயிற்சி வேறில்லை என்பேன். எழுதியவர் ஒவ்வொரு சொல்லையும் ஏன் வைத்தார் என்று பிள்ளைகள் தேடத் தொடங்குவது இதில்தான்.

அதிகம் வரும் பிழை, உணர்வைப் பண்பாக எழுதுவது. ஒருமுறை கோபப்பட்டவன் கோபக்காரன் ஆகிவிடுவான், அழுதவன் கோழை ஆகிவிடுவான். நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று தொல்காப்பியம் சொல்லும் எட்டு மெய்ப்பாடுகளையும், அதாவது உடலில் வெளிப்படும் உணர்வுகளையும், சுவரில் ஒட்டிவிடுங்கள். இளிவரலுக்கும் (இழிவு) மருட்கைக்கும் (வியப்பு) விளக்கம் தேவைப்படும். இந்த எட்டும் வந்து போகிறவை. பண்பு என்று எழுத, கதையின் வெவ்வேறு இடங்களில் இருந்து குறைந்தது இரண்டு ஆதாரம் வேண்டும் என்று வகுப்பில் விதியே போட்டுவிடலாம். இன்னொரு பாத்திரம் சொல்வதை அப்படியே நம்புவதும் இதே மாதிரித்தான். சொன்னவருக்கு அவர்மேல் என்ன கோபம் என்று கேட்கப் பழக்க வேண்டும்.

இப்படிப் பிழை விடுவதற்குச் சொல் வறுமையும் ஒரு காரணம். சிக்கனம், கஞ்சத்தனம், உறுதி, பிடிவாதம், துணிவு, அசட்டுத் துணிவு. இப்படிச் சோடி சோடியாகக் கொடுத்தால் பிள்ளை இரண்டையும் நிறுத்துப் பார்க்கும்.

கொழும்பு வகுப்பறைக்கு இன்னொரு சங்கதி உண்டு. யாழ்ப்பாணத்துப் பிள்ளை, மட்டக்களப்புப் பிள்ளை, மலையகப் பிள்ளை, உம்மா வாப்பா என்று அழைக்கும் பிள்ளை எல்லோரும் ஒரே வாங்கில் இருப்பார்கள். கதையில் ஒருவர் ‘நீங்கள்’ என்று பேசிவந்து, சட்டென்று ‘நீர்’ என்று மாறினால் யாழ்ப்பாண வீட்டுப் பிள்ளைக்கு உடனே பிடிபடும், உறவில் ஏதோ தளர்ந்திருக்கிறது அல்லது நெருங்கியிருக்கிறது என்று. மற்றப் பிள்ளைக்கு அது வெறும் சொல். அதன் நடு நிரல் காலியாக இருப்பது சோம்பலால் அல்ல. நால்வர் குழுக்களைப் பேச்சுவழக்குக் கலந்து அமைத்தால் ஒருவர் மற்றவருக்குச் சொல்லிக்கொடுப்பார்.

புள்ளியிடும் முறை மாறாவிட்டால் இதெல்லாம் வீண். 5 புள்ளி வினாவென்றால் பண்புக்கு 1, ஆதாரத்துக்கு 2, விளக்கத்துக்கு 2 என்று பிரிக்கலாம். ஆசிரியரின் விடைக்குறிப்பில் இல்லாத பண்பை எழுதினாலும் ஆதாரம் தாங்கினால் முழுப் புள்ளி. "பாத்திரப் பண்புகளை எழுதுக" என்பதற்குப் பதில் "கொண்டக்டர் காசை எண்ணாததில் இருந்து அவரைப் பற்றி என்ன ஊகிக்கலாம்? பந்தியில் இருந்து வேறோர் ஆதாரமும் தருக" என்று கேளுங்கள்.

நாற்பது கொப்பி திருத்துவது லேசல்ல, உண்மைதான். ஒரு தடவைக்கு ஒரு வரிசைப் பிள்ளைகளின் நடு நிரலை மட்டும் பாருங்கள். யார் எங்கே தடுக்குப்படுகிறார் என்று அதிலேயே தெரிந்துவிடும்.